சொந்தக் காலில் நிற்க வைத்தல்: ஜேர்மனியின் இளையோர் இல்லங்கள் குறித்துச் சில குறிப்புகள்

ஜேர்மனியில் வாழும் எம்மவர் மத்தியில் 'யூகென்ட்அம்ற்' என்பது ஓர் அச்சச் சொல்லாகவே புழங்கி வருகிறது. இளையோர் நலத் திணைக்களம் என்று அதனை மொழிபெயர்க்கலாம். ஆனால் எமது பேச்சு வழக்கில் அதற்குள்ள பொருள் பிள்ளை பிடிக்கும் கந்தோர் என்பதே. பதினேழு வயதுப் பெண்ணொருத்தி வீட்டைவிட்டுப் போய் ஓர் இல்லத்தில் சேர்ந்துவிட்டாள் என்றால், கோயில் மண்டபத்திலும் பிறந்தநாள் விழாக்களிலும் அது மாதக்கணக்கில் பேசப்படும். அந்த வீட்டில் என்ன நடந்தது என்பது பேசப்படமாட்டாது. யாருடைய வளர்ப்புச் சரியில்லை என்பதே பேசப்படும்.

சாதாரண சனங்களிடம் இந்தப் பயம் இருப்பதில் வியப்பேதுமில்லை. அந்நிய மொழியில் கடிதம் அனுப்பும் எந்தக் கந்தோரும் அகதிக்குப் பயமூட்டுவதுதான். என்னை யோசிக்க வைப்பது எமது சிறுபத்திரிகைச் சூழலின் மௌனம். சிறைச்சாலை, பாடசாலை, மனநோய் வைத்தியசாலை ஆகியவற்றை அதிகாரத்தின் கருவிகளாக வாசிக்கப் பழகிய நாம், எமது பிள்ளைகள் சிலர் உண்மையிலேயே வாழ்ந்துகொண்டிருக்கும் இந்த நிறுவனத்தைப் பற்றி ஓர் ஒழுங்கான விளக்கக் குறிப்பை எழுதியதாக என் கண்ணில் படவில்லை.

நான் ஊரில் விரிவுரையாளனாக இருந்தவன். இங்கு உலோக உதிரிப்பாகங்கள் செய்யும் தொழிற்சாலையொன்றில் மூன்று சிவ்ற் வேலை. இந்த விடயம் எனக்கு நூலகத்தின் ஊடாக வந்ததல்ல. எங்கள் பகுதியில் தொழில் பழகும் பையன்களில் இருவர் இவ்வாறான வீடுகளிலிருந்து வருகிறார்கள். அத்தோடு, சில தமிழ்க் குடும்பங்களுக்காக மொழிபெயர்ப்பாளனாகக் கூட்டங்களில் இருக்க நேர்ந்தது. ஆட்களை இனங்காட்டக்கூடிய விபரங்களைத் தவிர்த்தே எழுதுகிறேன்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். இவ்வில்லங்களின் நோக்கத்தை ஜேர்மன் மொழியில் 'பெர்செல்ப்ஸ்ரென்டிகுங்' என்கிறார்கள். 'செல்ப்ஸ்ரென்டிக்' என்றால் தானாக நிற்பது. எமது 'சொந்தக் காலில் நிற்றல்' என்பதற்கு வியக்கத்தக்க அளவு கிட்டவான சொல். ஆனால் முழுச்சொல்லோ, நிற்பதைவிட நிற்க வைப்பதையே சுட்டுகிறது. ஒருவரை மற்றொருவர் சுதந்திரமானவராக ஆக்குவது! இதே சொல்லின் வினைவடிவத்தை, ஒரு காரியம் எவருடைய கட்டுப்பாட்டிலும் நில்லாமல் தன்பாட்டில் ஓடத் தொடங்குவதற்கும் ஜேர்மனியர் பாவிப்பதுண்டு. எமது பெற்றோரின் பயம் இந்த இரண்டாவது பொருளில்தான் குடியிருக்கிறது என்று சொல்லலாம்.

இனி இவ்வீடுகள் எப்படி இயங்குகின்றன என்பது. 'ஹைம்' என்றதும் எமக்கு நீண்ட விறாந்தையும் வரிசைக் கட்டில்களும் கொண்ட அநாதை மடமொன்று மனதில் வரும். இன்று பெரும்பாலும் இருப்பது 'வோன்குறுப்ப' எனப்படும் குடியிருப்புக் குழு. சாதாரண தெருவில் சாதாரண வீடு, ஏழெட்டுப் பிள்ளைகள், ஆளுக்கோர் அறை, சமூகப்பணிப் படிப்பு முடித்த பராமரிப்பாளர்கள் முறைவைத்து இரவும் பகலும் நிற்பார்கள். இதனை நடத்துவது அரசு நேரடியாக அல்ல. கரித்தாஸ், டியக்கொனி போன்ற திருச்சபை அமைப்புகள், தொழிலாளர் நலச்சங்கமான அவோ, சிறிய சங்கங்கள் என்று பல பொறுப்பு நிறுவனங்கள் உள்ளன. யூகென்ட்அம்ற் தீர்மானிக்கும், பணம் கட்டும், மேற்பார்வை செய்யும்.

பதினாறு வயதளவில், பிள்ளை தயார் என்று கருதப்பட்டால், அடுத்த கட்டம். இரண்டு மூன்று பேர் சேர்ந்து இருக்கும் பயிற்சி வீடு, அல்லது தனியாக ஒரு சிறிய அறைவீடு. வாடகை ஒப்பந்தம் பொறுப்பு நிறுவனத்தின் பெயரில் இருக்கும். இரவில் அங்கு பராமரிப்பாளர் இல்லை. அவசரத்துக்கு ஒரு தொலைபேசி இலக்கம் மட்டும். பகலில் வாரத்துக்கு இத்தனை மணித்தியாலம் என்று கணக்கிட்டு ஒருவர் வந்து போவார். அந்த மணித்தியாலங்களைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு போவதே முறை.

அங்கு கற்பிக்கப்படுவது என்ன? சமைப்பது, உடுப்புத் தோய்ப்பது என்று எம்மவர் நினைப்பார்கள். அது சின்னப் பங்கு. பெரிய பங்கு கடதாசி. காப்புறுதி, வங்கிக் கணக்கு, நகரசபைப் பதிவு, மின்சார ஒப்பந்தம், கைத்தொலைபேசி ஒப்பந்தத்தின் சின்ன எழுத்து, கடன்பதிவேடான 'சூபா'வில் பெயர் கெட்டால் வீடு எடுக்க முடியாமற் போவது. ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பு இருக்கும். எங்கள் பகுதியில் வேலை பழகும் பையன் தன் கோப்பைத் தேநீர் இடைவேளையில் கொண்டுவந்து காட்டினான். அதில் இருந்த ஒழுங்கு என் வீட்டு லாச்சியில் இல்லை. குளிர்காலத்தில் யன்னலை எத்தனை நிமிடம் அகலத் திறந்து மூடினால் சுவரில் பூஞ்சணம் பிடிக்காது என்பதையும் அவனிடமே கேட்டறிந்தேன்.

ஆனால் முக்கியமான பாடம் காசு. உணவுக்கும் உடுப்புக்கும் கைச்செலவுக்குமான தொகையை முதலில் வாரத்துக்கு வாரம் கொடுப்பார்கள், பிறகு மாதத்துக்கு ஒருமுறை. மாதத்தின் இருபதாம் திகதி காசு முடிந்துவிட்டால்? பசி கிடக்க விடமாட்டார்கள். ஆனால் உடனே ஓடிவந்து நிரப்பவும் மாட்டார்கள். இருந்து கணக்குப் பார்ப்பார்கள். தவறு செய்வதற்கான இடத்தைத் திட்டமிட்டே விட்டுவைப்பது இம்முறையின் அடிநாதம். எமது குடும்பங்களில் பிள்ளைக்கு இல்லாத ஒரேயொரு வசதி இதுதான் என்பேன். இருபத்தைந்து வயதிலும் சம்பளத்தைத் தாயிடம் கொடுத்துவிட்டுப் பெற்றோலுக்குக் காசு கேட்கும் மகன்மாரை எமக்குத் தெரியும். அவர்களைப் 'பொறுப்பான பிள்ளைகள்' என்று சொல்கிறோம்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். பயத்தின் பெரும்பகுதி இங்கேதான் கட்டுண்டு கிடக்கிறது. இவ்வுதவிகள் யாவும் சமூகச் சட்டக்கோவையின் எட்டாம் நூலில் அடங்கும்; ஜேர்மனி முழுவதிலும் 1991 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி, பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கான வளர்ப்புதவியைக் கோரும் உரிமை பெற்றோருடையது. விண்ணப்பத்தில் கையெழுத்திடுபவரும் அவர்களே. நான் மொழிபெயர்க்கப் போன ஒரு கூட்டத்தில் தந்தை பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "சேர், நான் இதிலை கையெழுத்து வைச்சா பிள்ளையை எழுதிக் குடுத்த மாதிரியோ?" என்று கேட்டார். அதை அப்படியே ஜேர்மனில் சொன்னேன். அங்கிருந்த உத்தியோகத்தர் பெண்மணி திகைத்துப் போனார். அவரைப் பொறுத்தவரை அது பெற்றோர் தம் உரிமையைப் பாவித்து அரசிடம் ஓர் உதவி கேட்கும் பத்திரம். பெற்றோருரிமை அதனால் கைமாறுவதில்லை. பாடசாலை, சத்திரசிகிச்சை போன்றவற்றில் அவர்களது சம்மதம் தொடர்ந்தும் வேண்டும். ஒரே தாளை இருவர் இரண்டு எதிர்த்திசைகளில் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

பிள்ளையாகவே போய் என்னைப் பாதுகாப்பில் எடுங்கள் என்று கேட்டால், எடுத்தே ஆகவேண்டும் என்கிறது சட்டம். பெற்றோருக்குத் தாமதமின்றி அறிவிக்கவும் வேண்டும். பெற்றோர் மறுத்தால் திணைக்களத்துக்கு இரண்டு வழிகள்தான்: பிள்ளைக்கு ஆபத்தில்லை என்று கண்டு திருப்பி அனுப்புவது, அல்லது குடும்ப நீதிமன்றத்தின் தீர்ப்பைப் பெறுவது. பெற்றோருரிமையைப் பறிக்கும் அதிகாரம் நீதிமன்றத்திடம் உள்ளதேயன்றி யூகென்ட்அம்றிடம் இல்லை. இது நடைமுறையில் எப்போதும் நிதானமாக நடக்கிறது என்று நான் வாதாடவரவில்லை. மொழிபெயர்ப்பாளரில்லாமல் பெற்றோரைக் கூப்பிட்டு, பிள்ளையையே மொழிபெயர்க்கச் சொன்ன சம்பவமும் எனக்குத் தெரியும். அப்படியொரு கூட்டத்தில் பிள்ளை எதைச் சொல்லும், எதை விழுங்கும் என்று விளக்கத் தேவையில்லை.

ஆறு மாதத்துக்கொரு தடவையளவில் 'ஹில்பபிளான்' என்ற உதவித்திட்டக் கூட்டம் நடக்கும். பிள்ளை, பெற்றோர், பராமரிப்பாளர், திணைக்கள உத்தியோகத்தர் நால்வரும் இருந்து இலக்குகளை எழுதுவார்கள். வெள்ளிக்கிழமைகளில் பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவதும், அம்மா சோறு கறி கட்டிக் கொடுத்துவிடுவதும்கூட அதில் எழுதப்படலாம், எழுதப்பட்டும் இருக்கிறது. எம்மவர் பலர் அக்கூட்டத்துக்குக் குற்றவாளிகள் போல வந்து தலைகுனிந்திருந்துவிட்டுப் போகிறார்கள், அல்லது வெட்கத்தில் வராமலே விடுகிறார்கள். தாம் பேச வேண்டிய ஒரேயொரு இடத்தை அவ்வாறு வெறுமையாக விடுகிறார்கள்.

இந்த முறை ஜேர்மன் அரசின் நல்லெண்ணத்தால் வானத்திலிருந்து விழுந்ததல்ல. இதன் வரலாறு எமது வாசகருக்குத் தெரிந்த பெயர்களோடு பின்னிக்கிடக்கிறது. 1960களின் மேற்கு ஜேர்மனியில் இல்லங்களின் பெரும்பகுதி திருச்சபைகளின் கையில் இருந்தது. அடி, தனியறைப் பூட்டு, கூலியில்லா வேலை என்பன அங்கு வழக்கமாயிருந்தன. 'ஒழுக்கம் கெட்டுப்போகும் அபாயம்' என்ற ஒரு வரியோடு பெண்பிள்ளைகள் உள்ளே தள்ளப்பட்டார்கள். 1969 கோடையில், கெஸன் மாநிலத்தின் பீடன்கொவ் நகரிலிருந்த ஸ்ரவெல்பேர்க் இல்லத்துக்கு பிராங்பேர்ட்டிலிருந்து மாணவர்கள் திரண்டு போனார்கள். அன்ட்றேயாஸ் பாடரும் குட்றூன் என்ஸ்லினும் அந்த இயக்கத்தில் நின்றார்கள். இல்லங்களிலிருந்து தப்பி பிராங்பேர்ட்டுக்கு ஓடிவந்த இளைஞர்களுக்காக வாடகைக் குடியிருப்புகளில் கூட்டுவாழ்வுக் குழுக்கள் அமைந்தன. நகரின் யூகென்ட்அம்றே ஈற்றில் அவற்றுக்குப் பணம் கொடுக்க வேண்டி வந்தது. உல்றிக்க மைன்கோவ் பேர்லின் பெண்கள் இல்லமொன்றை வைத்து எழுதிய 'பம்பூல' என்ற தொலைக்காட்சிப் படம் 1970 மே மாதம் ஒளிபரப்பாக இருந்தது. பாடரைச் சிறைக்காவலிலிருந்து விடுவித்த சம்பவத்தில் அவர் பங்கெடுத்ததையடுத்து அது நிறுத்தப்பட்டு, 1994 இலேயே காண்பிக்கப்பட்டது. 1971 டிசம்பரில் பேர்லின் குறொய்ஸ்பேர்க்கில், கைவிடப்பட்ட பெத்தானியன் வைத்தியசாலையின் ஒரு கட்டிடத்தை இளைஞர்கள் கைப்பற்றினார்கள். சில நாட்களுக்கு முன் பொலிசாரால் சுட்டுக்கொல்லப்பட்ட கேயோர்க் பொன் றவுக்கின் பெயர் அதற்கு இடப்பட்டது. அந்த வீடு இன்னும் இருக்கிறது.

இன்றைய பயிற்சி வீட்டின் மூதாதை இக்கூட்டுவாழ்வுக் குழுக்களே. எதிர்ப்பிலிருந்து பிறந்த வடிவமொன்றை அரசு எடுத்து, விதிகளும் மணித்தியாலக் கணக்கும் சேர்த்துத் தன்னுடையதாக்கிக்கொண்டது. இதனை வெற்றி என்பதா, உள்வாங்கப்பட்டுச் செரிக்கப்பட்டது என்பதா? எனது கட்சி: ஒரு பதினாறு வயதுப் பெண்ணைப் பூட்டிவைக்க முடியாமற் போனது வெற்றிதான். கிழக்கு ஜேர்மனியையும் மறக்கலாகாது. டோர்கவ் நகரின் மூடிய இளையோர் வேலைமுகாம் 1964 தொடக்கம் 1989 நவம்பர்வரை, எந்த நீதிமன்றத் தீர்ப்புமின்றி, 4,000 இற்கு மேற்பட்ட இளையோரைச் சிறையை ஒத்த நிலையில் வைத்திருந்தது. அதுவும் சோசலிசத்தின் பெயரால். மேற்கில் 1949 முதல் 1975 வரை 7 முதல் 8 இலட்சம் பிள்ளைகள் இல்லங்களில் இருந்ததாக, 2009-2010 இல் கூடிய வட்டமேசை கணக்கிட்டது. 2012 முதல் 120 மில்லியன் யூரோ நிதியமொன்று மேற்குக்கும், தனியாக வேறொன்று கிழக்குக்கும் அமைக்கப்பட்டன. பிள்ளைப்பராயம் முழுவதும் தோட்டத்திலும் சலவைக்கூடத்திலும் சும்மா வேலை வாங்கப்பட்டவர்களுக்கு, முதுமையில் சிறுதொகை.

ஆகவே எமது பெற்றோரின் பயம் வெறும் அறியாமை என்று மேட்டிமைத்தனமாக ஒதுக்கிவிட முடியாது. இந்த நாட்டின் ஏழைத் தாய்மாருக்கும் இதே பயம் இருந்தது. அதற்கு நியாயமும் இருந்தது.

இன்றைய முறையின் பெரிய ஓட்டை பதினெட்டு வயதில் இருக்கிறது. 1975 இல் பராய வயது இருபத்தொன்றிலிருந்து பதினெட்டாகக் குறைக்கப்பட்டது. சுதந்திரத்துக்கான சட்டமென்று அதனைக் கொண்டாடினார்கள். இல்லத்தில் வளர்பவனுக்கு அது வேறொன்றாகியது: பிறந்தநாளன்று உதவி முடியக்கூடிய ஆபத்து. எட்டாம் நூலின் 41ஆம் பிரிவு, வழமையாக இருபத்தொரு வயதுவரையும், சில நிலைமைகளில் அதற்கப்பாலும் உதவியைத் தொடரலாம் என்கிறது. ஆனால் நகரசபையின் பணப்பெட்டி பதினெட்டிலேயே மூடத் துடிக்கும். 'பிள்ளை போதியளவு சுயமாக இயங்குகிறது' என்று எழுதினால் உதவி முடியும்; 'பிள்ளை ஒத்துழைக்கவில்லை' என்று எழுதினாலும் முடியும். நல்ல பிள்ளைக்கும் கெட்ட பிள்ளைக்கும் ஒரே வாசல்.

இதே அரசு இன்னொரு மேசையில் என்ன சொல்கிறது பாருங்கள். வேலையற்றோருக்கான இரண்டாம் நூலில் 2006 தொடக்கம் ஒரு விதி உண்டு. இருபத்தைந்து வயதுக்குட்பட்டவர் பெற்றோர் வீட்டைவிட்டுத் தனியே போய், அந்த வாடகையை யொப்சென்ரரிடம் பெறவேண்டுமானால், முன்கூட்டியே அனுமதி வேண்டும். பெற்றோருடன் இருங்கள் என்பதே அதன் உட்கருத்து. ஜேர்மன் இளையோர் பெற்றோர் வீட்டை விட்டுப் போகும் சராசரி வயது ஏறத்தாழ 24. ஆக, தாய் தகப்பன் உள்ளவன் இருபத்தைந்துவரை சிறுபிள்ளை, எவருமில்லாதவன் பதினெட்டில் பெரிய மனிதன். எந்தக் காசு மிச்சம் என்பதைப் பொறுத்து 'சுயாதீனம்' என்பதன் வரைவிலக்கணம் மாறுகிறது.

தொழில் பழகும் பிள்ளைகளின் சம்பள விவகாரம் இதைவிட வெளிச்சமானது. இல்லத்தில் இருப்பவர் உழைத்தால், 2021 வரை அவரது தேறிய வருமானத்தில் 75 வீதத்தைத் திணைக்களம் செலவுப்பங்காகக் கேட்டது. 800 யூரோ கையில் வந்தால் 600 போய்விடும். விடிய ஐந்து மணிக்கு எழும்பி என்னோடு பேருந்தில் வரும் பையனுக்கு, உழைப்பின் பெறுமதி பற்றி அரசு நடத்திய வகுப்பு அது! 2021 யூன் மாதச் சீர்திருத்தம் அதனை 25 வீதமாகக் குறைத்தது. 2023 சனவரி முதல் முற்றாக நீக்கப்பட்டது. இல்லங்களில் வளர்ந்து வெளியேறியவர்கள் தாமே அமைப்பாகித் தொடர்ந்து குரல் கொடுத்ததற்கு இதில் பங்குண்டு. அதே சீர்திருத்தம், வெளியேறிய பின் சறுக்கினால் திரும்பி வரலாம் என்பதையும், வெளியேறிய பிறகும் ஆலோசனை கிடைக்கவேண்டும் என்பதையும் எழுத்தில் வைத்தது. வீடு கிடைப்பதுதான் இப்போது தடை. பயிற்சி முடிந்தும் போக இடமில்லாமல் பயிற்சி வீட்டிலேயே தங்குபவர்கள் உண்டு; நண்பனின் சோபாவில் படுப்பவர்களும் உண்டு.

எமக்கும் இவ்வில்லங்களுக்குமான உறவு எமது பிள்ளைகளோடு தொடங்கவில்லை. 1980களில் பெற்றோரில்லாமல் தனியே இந்நாட்டுக்கு வந்து சேர்ந்த பராயமடையாதோரில் ஈழத்துப் பையன்கள் கணிசமானோர். ஈரானியரும் எரித்திரியரும் அவர்களோடு வந்தார்கள். பதினாறு வயதாகிவிட்டால் அகதி விண்ணப்ப நடைமுறையில் வளர்ந்தவராகவே அக்காலத்தில் கணித்தார்கள். 2015 ஒக்ரோபரில்தான் அது பதினெட்டாக மாறியது. இடையில், 2005 இல், தனித்து வந்த வெளிநாட்டுப் பிள்ளைகளையும் பாதுகாப்பில் எடுக்கவேண்டும் என்பது சட்டத்தில் தெளிவாக எழுதப்பட்டது. 2010 இல் சிறுவர் உரிமைச் சாசனத்துக்கு ஜேர்மனி வைத்திருந்த ஒதுக்கீடு விலக்கப்பட்டது. 2015 இல் மாத்திரம் இவ்வாறு பாதுகாப்பில் எடுக்கப்பட்டவர்கள் 42,000 இற்கு மேல். இன்று ஆப்கான் பையனுக்குக் கிடைக்கும் அறையும் கோப்பும் பராமரிப்பாளரும் எமது பையன்களில் பலருக்குக் கிடைக்கவில்லை. வளர்ந்தோர் முகாமில், எட்டுப் பேர் அறையில், தமக்குத் தாமே சமைத்து அவர்கள் 'சுயாதீனமானார்கள்'. அவர்களில் பலர் இன்று தகப்பன்மார். பதினேழு வயதில் கிழக்கு பேர்லின் வழியாக எல்லை கடந்து வந்த மனிதர், தன் பத்தொன்பது வயது மகள் இரண்டு ரயில் தரிப்பு தள்ளித் தனியறையில் இருக்கமுடியாது என்கிறார். காரணம் அவருக்கு அன்பில்லை என்பதல்ல. தனிமையென்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். பராமரிப்போடு கூடிய தனிமை என்றொன்று இருப்பது தெரியாது.

அதோடு, எமது சமூகத்தில் பெண் வீட்டைவிட்டு வெளியேற ஒரேயொரு அங்கீகரிக்கப்பட்ட வாசல்தான் இருக்கிறது. அது கல்யாணம். ஆணுக்கு இன்னொன்று இருந்தது, வெளிநாடு. இரண்டிலும் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறுகிறோமேயொழிய, எவருடைய கையிலும் இல்லாத ஓர் இடைக்காலம் எமக்கு வாய்க்கவில்லை. ஜேர்மன் முறை அந்த இடைக்காலத்துக்கு ஒரு வாடகை வீட்டையும் வாரத்துக்குச் சில மணித்தியாலங்களையும் கொடுக்கிறது. குறைகளோடுதான். பல இடங்களில் பராமரிப்பாளர் ஆண்டுக்கொருவர் மாறுகிறார். பிள்ளை ஒவ்வொரு தடவையும் தன் கதையைப் புதிதாகச் சொல்லவேண்டியிருக்கிறது. உறவென்பது மணித்தியாலக் கணக்கில் அடங்காது என்று எம்மவர் சொல்வதிலும் உண்மையுண்டு. ஆனால் உறவு இருந்த வீட்டிலிருந்துதானே சில பிள்ளைகள் கதவைத் திறந்துகொண்டு ஓடினார்கள். இது பற்றி மாற்றுக் கருத்துள்ளவர்கள் இப்பக்கங்களில் எழுதினால் விவாதிக்கலாம்.

நடைமுறைக்குத் தேவையான சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன். பிள்ளைக்குப் பதினெட்டு வயதாவதற்கு முன்பே, உதவி தொடரவேண்டும் என்ற 41ஆம் பிரிவு விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து ஒரு பிரதியை வைத்துக்கொள்ள வேண்டும். பதினெட்டுக்குப் பின் விண்ணப்பிக்கும் உரிமை பிள்ளையுடையது, பெற்றோரின் கையெழுத்து வேண்டியதில்லை. மறுப்பு வந்தால் அதனையும் எழுத்தில் கேட்டு வாங்கவேண்டும். வாயால் சொன்ன மறுப்பை எதிர்த்து வழக்காடுவது கடினம். பெற்றோர் தம் வருமானத்துக்கேற்பப் பங்குப்பணம் கட்டவேண்டியிருக்கும், குறைந்தது கின்டர்கெல்ட் அளவாவது. கூட்டத்துக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்கூட்டியே கேட்கலாம். பெற்றோருக்கும் பிள்ளைக்கும் விளங்கும் வகையில் ஆலோசனை தரும் கடமை திணைக்களத்துக்கு உண்டு. திணைக்களத்தோடு பிணக்கு வந்தால் முறையிடுவதற்கென, அதனைச் சாராத 'ஒம்புட்ஸ்' நிலையங்களை ஒவ்வொரு மாநிலமும் வைத்திருக்க வேண்டுமென்பது 2021 முதல் சட்டம். அங்கு ஆலோசனைக்குப் பணம் அறவிடுவதில்லை; பிள்ளை தனியாகவே போய்க் கேட்கலாம்.